ஆயுத பூசைக்கு ஃபுல் டேங்க்

அக்டோபர் 23, திங்கள்

நோம்பி நாளும் அதுவுமா அக்கம்பக்கத்துச் சனம் முன்னாடி எங்கூட்டுக்காரரு என்னை அவமானப்படுத்திப்போட்டாரு. அவருகிட்டப் பேசறதா இல்லை. அதனால இந்த டைரிகிட்டப் பேசறேன். உரக்கடையில சும்மா குடுத்தது, இத்தனை நாளா ஷெல்ஃபுல தூங்கிட்டுக் கெடந்துச்சு.

நடந்தது இதுதான். காலையில வெள்ளனே பங்க்குக்குப் போயி வேனுக்கு டேங்க் ஃபுல் பண்ணிட்டு வந்தேன். மத்த நாளெல்லாம் அஞ்சு லிட்டர், ஆறு லிட்டர்தான் போடுவேன். ஆயுத பூசைக்கு மட்டும் வாய் வரைக்கும் ரொப்பணும். எங்க மாமனார் லாரி வெச்சிருந்த காலத்துல இருந்து வர்ற பழக்கம். பூசைக்கு நிக்கற வண்டி பசியோட நிக்கக் கூடாதும்பாரு. வண்டியக் கழுவி, சந்தனம் குங்குமம் வெச்சு, ரெண்டு பக்கமும் வாழைக்கன்னு கட்டி, மாலை போட்டேன். இருபத்தஞ்சு வருசத்து பெட்ரோல் வேன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. கல்யாணப் பொண்ணு மாதிரி நின்னுச்சு.

பத்து மணிக்கு நல்ல வெயில். பூசணிக்காய் மேல சூடத்தை ஏத்தி வண்டிய முன்னாடி சுத்திட்டுப் பின்னாடி போறேன், இந்த மனுசன் எங்கிருந்துதான் வந்தாரோ, பூசணிக்காயை என் கையில இருந்து புடுங்கிட்டு ஓடறாரு. சர்க்கரையில அவருக்கு வலது கண்ணு சுத்தமாத் தெரியாது, இடது கண்ணு அரைகொறை. பொரித் தட்டை ஒதைச்சு, வாழைக்கன்னுல இடிச்சு, முப்பது அடி தள்ளிப் போயி ரோட்டுல போட்டு ஒடைச்சாரு. சூடத்தைச் செருப்புக் காலால மிதிச்சு அணைச்சாரு. சாமி சூடத்தைச் செருப்புக் காலால!

பெட்ரோல் வாசம் குப்புனு அடிக்குது, உனக்கு அடிக்கலையான்னு கேட்டாரு. ஃபுல் டேங்க் போட்டா கொஞ்சம் வாசம் வரத்தான் செய்யும்னேன். அதோட எனக்குச் சளி வேற புடிச்சிருக்குது. பக்கத்து வீட்டுல பீடியோட நின்ன ஆளை அக்கட்ட போன்னு வெரட்டிட்டு, சாயந்தரம் வரைக்கும் வண்டிகிட்டயே நாற்காலி போட்டு உக்காந்துட்டாரு. காவக்காரன் தோத்தான்.

அக்டோபர் 24, செவ்வாய்

மில் லீவு. பேச்சுவார்த்தை இல்லை. சோத்துக்கு மட்டும் கூப்பிட்டேன்.

அக்டோபர் 25, புதன்

காலையில வழக்கம்போல எட்டுப் பேரை ஏத்துனேன். ஆறு வருசமா இதான் சோலி. நம்மூரு, அடுத்த ரெண்டு ஊரு பொம்பளைங்களை உடுமலைக்கு வெளியில இருக்கற நூல் மில்லுக்குக் கொண்டுபோயி விட்டு, ஷிஃப்ட் முடிஞ்சதும் கூட்டிட்டு வரணும். பொம்பளை டிரைவர்ங்கறதுனால எங்க வண்டின்னா வீட்டுல தைரியமா அனுப்பறாங்க.

ஏறுன ஒடனே ராஜாமணி ஆரம்பிச்சுட்டா. இவ எப்பவும் எனக்கு நேர் பின்னாடிதான் உக்காருவா. வாய்னா வாய், ஊருக்கே கேக்கும். “பெட்ரோல் நாத்தம் கொடலப் புடுங்குது, வண்டிய நிறுத்துங்க”ன்னு ஒரே கத்தல். மத்தவங்களும் மூக்குல முந்தானையை வெச்சுட்டாங்க. எனக்கும் லேசா அடிக்குது, பாத்துக்கலாம்னு சொல்லி மில்லுல கொண்டுபோயி விட்டேன்.

நேரா சிக்கந்தர் பட்டறைக்குப் போனேன். எங்கூட்டுக்காரரு வண்டி ஓட்டுன காலத்துல இருந்து அவந்தான் மெக்கானிக். டிரைவர் சீட்டைத் தூக்குனா அடியில இன்ஜின். டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, கார்புரேட்டருக்குப் போற ரப்பர் ஹோஸ் வெடிச்சிருக்குதுக்கான்னு காட்டுனான். நெசமாவே வெடிச்சுத்தான் இருந்துச்சு. புது ஹோஸ், புது கிளிப்பு, ஃபில்டரும் மாத்திட்டான்.

முடிச்சுட்டு, இப்ப வாசம் எப்படி இருக்குதுக்கான்னு கேட்டான். ஏன் நீயே பாத்துச் சொல்லேன்னு சொன்னதுக்கு, நாள் பூராப் பெட்ரோல்லயே கெடக்கறேன், எம்மூக்குக்குப் பெட்ரோலும் ஒண்ணு பச்சத் தண்ணியும் ஒண்ணு, நீங்கதான் சொல்லோணும்னான்.

குனிஞ்சு மோந்து பாத்தேன். போயிருச்சுன்னு சொன்னேன்.

அக்டோபர் 26, வியாழன்

போகலையாமா.

வண்டியில வர்ற கௌசல்யாவுக்கு இது நாலாம் மாசம். பாதி வழியில ஜன்னல் வழியா வாந்தி எடுத்துட்டா. பாவமாத்தான் இருந்துச்சு. வாசம் தெரியாம இருக்கட்டுமேன்னு, டேஷ்போர்டுல பிள்ளையாருக்கு எப்பவும் வெக்கற ஒரு ஊதுபத்திக்குப் பதிலா ரெண்டாக் கொளுத்தி வெச்சேன். இந்த ராஜாமணி பின்னாடியிருந்து எக்கி, தண்ணி பாட்டலைப் பிள்ளையார் தலையிலயே கவுத்து ஊதுபத்திய அணைச்சுட்டா. எங்கூட்டுக்காரரு செருப்புல மிதிச்சாரு, இவ தண்ணி ஊத்தறா. இந்த வாரம் சாமிக்கு என்ன கெரகமோ.

அவளைக் கண்ணாடியில மொறைச்சேன். அவளும் மொறைச்சா.

அக்டோபர் 27, வெள்ளி

மறுபடியும் சிக்கந்தர். இப்ப வண்டிக்கு அடியில படுத்துப் பாத்தான். டேங்க் தகரத்துல ஒட்டுப் போட்ட ஓரம் ஈரமா இருக்கற மாதிரி தெரியுதுன்னான். துணி தொவைக்கற பார் சோப்பை நல்லாப் பெசைஞ்சு அந்த ஓரம் பூராத் தேச்சு அடைச்சான். சோப்பைத் தண்ணிதான் கரைக்கும், பெட்ரோல் கரைக்காது. தற்காலிகத்துக்கு அதை விட்டா வேற வைத்தியம் இல்லைன்னான். எங்க மாமனார் லாரிக்கும் இதே வைத்தியம்தான் பாத்திருக்கறாரு.

கொறைஞ்சிருக்குதான்னு கேட்டான். கொறைஞ்சிருக்குதுன்னேன்.

அக்டோபர் 28, சனி

ராஜாமணி வாயே தொறக்கலை. கௌசல்யா வாந்தி எடுக்கலை. சோப்பு வாழ்க.

அக்டோபர் 30, திங்கள்

இன்னிக்கும் வாசம் இல்லை. அதாவது, யாரும் ஒண்ணும் சொல்லலை. ஒரு வாரம் கழிச்சு நல்லாத் தூங்குனேன். அவருகிட்டயும் பேசிட்டேன், எத்தனை நாளைக்குத்தான் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுத் திரியறது.

நவம்பர் 1, புதன்

மில்லுல சூப்பர்வைசர் தாமோதரன் கூப்பிட்டனுப்புனாரு. எந்திரிச்சு நின்னு வணக்கம் சொல்ற மனுசன் இன்னிக்கு நாற்காலியில உக்காந்துட்டே பேசுனாரு. என் வண்டி மேல எழுத்து மூலமாப் புகார் வந்திருக்குதாம். ஒம்போதாந்தேதி மில் ஆளுக வண்டியச் செக் பண்ணுவாங்களாம். சொட்டுப் பெட்ரோல் ஒழுகறதைப் பாத்தாலும், தீவாளிக்கப்பறம் இந்த ரூட்டை வேற வண்டிக்குக் குடுத்துருவாங்களாம். புகார் குடுத்தது யாருன்னு கேட்டேன். அதைச் சொல்லக் கூடாதுன்னுட்டாரு. எனக்குத் தெரியாதா என்ன. எழுத்து எழுதற அளவுக்கு வெவரம் இருக்கறது ஒருத்திக்குத்தான்.

சோப்பு நிக்குது, ஒழுகலை. அப்பறம் எனக்கு என்ன பயம்? பயம் இல்லை.

ஆறு வருசத்துக்கு முன்னாடி ஒரு நாள் நான் அவரு பக்கத்துல உக்காந்து போயிட்டு இருந்தேன். ரோட்டுல குறுக்க ஒரு எருமை நின்னுச்சு. ஏனுங், எருமைங்கன்னு நான் கத்துன பின்னாடிதான் அவரு பிரேக் போட்டாரு. ஒரு வருசமாக் கண்ணு மங்கலாம், யாருகிட்டயும் சொல்லலை. எட்டுப் பொம்பளைங்க உசுரு உங்களுக்கு வெளையாட்டாப் போச்சான்னு கேட்டு, வீட்டு வாசல்லயே சாவியப் புடுங்கிட்டேன். அன்னிக்கு அவரு முகத்தைப் பாத்திருக்கோணும். அப்பறம் நானே லைசென்ஸ் எடுத்து, நானே ஓட்டுனேன். நான் செஞ்சது சரிதான். இப்பவும் சரின்னுதான் சொல்லுவேன்.

இதை எழுதிட்டு இருக்கறப்பவே பால் அடிப்புடிச்சுப் போச்சு. நான் அடுப்புக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். பொறக்கடையில இருந்து அவருதான் ஓடியாந்து அடுப்பை அணைச்சாரு. பாத்திரம் கரியாப் போச்சு. என்னை ஒரு பார்வை பாத்தாரே ஒழிய, ஒரு வார்த்தை கேக்கலை. சளின்னு சொன்னேன். சரி சரின்னு போயிட்டாரு.

நவம்பர் 5, ஞாயிறு

பழனிக்குப் போயிட்டு வந்தோம். வண்டி சரியான சந்தோசத்துல நாந்தான் போலாம்னு சொன்னேன். அவரும் நானும் மட்டும். படி ஏறலை, விஞ்ச்லதான் போனோம். கூட்டம் இல்லாம நல்ல தரிசனம். முருகன் எந்தளவுக்குத் தெரிஞ்சாருங்கன்னு கேட்டேன், வேல் தெரிஞ்சுது, அது போதும்னாரு. பஞ்சாமிர்தம் வாங்கி வண்டியிலயே பாதி தின்னுட்டோம். சர்க்கரைக்காரருக்கு ஒரு வாய்தான் தரணும், மூணு வாய் குடுத்தேன்.

வந்து அவரை வீட்டுல எறக்கி விட்டுட்டு, நேரா பங்க்குக்குப் போயி டேங்க் ஃபுல் பண்ணுனேன். முருகனுக்கு ஒரு நன்றி. ஆயுத பூசையில கெட்டுப்போனதை இன்னிக்குச் சரி பண்ணுன மாதிரியும் ஆச்சு. நாளைக்கு வண்டியில ஏறறப்ப அந்த ராஜாமணி மூஞ்சியப் பாக்கோணும்.

நவம்பர் 6, திங்கள்

பாத்தேன் அவ மூஞ்சிய.

ரெண்டு கிலோமீட்டர் தாண்டலை, வேகத்தடையில ஏறி எறங்குனதும் ராஜாமணி பொறுக்க முடியாம, “வண்டிய ஓரங்கட்டுங்க, ஒருத்தியும் உக்காராதீங்கடி, எல்லாரும் எறங்குங்க”ன்னு கத்துனா. எட்டுப் பேரும் எறங்கிட்டாங்க. கௌசல்யாவைக் கையப் புடிச்சு எறக்கி மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போனா. அப்பறம் என் ஜன்னல்கிட்ட வந்து, பிள்ளையாருக்கு முன்னாடி எரிஞ்சிட்டு இருந்த ஊதுபத்திய எடுத்து மண்ணுல குத்தி அணைச்சா. “இதோட நாங்க வர மாட்டோம், சரி பண்ணிட்டு வாங்க.” அவ்வளவுதான் சொன்னா. டவுன் பஸ்ஸைப் புடிச்சு எல்லாரும் போயிட்டாங்க. காலி வண்டியில நான் ஒருத்தி.

சிக்கந்தர், சோப்பு தாங்கலை போலிருக்குதுக்கா, டேங்கைக் கழட்டியே ஆகோணும்னுட்டான். கழட்டிக் கழுவி, உள்ளுக்குள்ள தண்ணி ரொப்பி வெச்சுத்தான் வெல்டிங் வெப்பாங்களாம், இல்லைன்னா வெடிச்சிருமாம். அந்த வேலை செய்யற ஆளு பொள்ளாச்சியில இருக்கறான், தீவாளி நேரம், நாலு நாளாவது ஆகும்னான். ஒம்போதாந்தேதிக்கு மூணு நாள்தான் இருக்குது.

எழுதறதா வேண்டாமான்னு ரொம்ப நேரம் பேனாவைப் புடிச்சுட்டு உக்காந்திருந்தேன். எழுதறேன். இன்னிக்குக் காலையில அந்த ஊதுபத்திய நாந்தான் கொளுத்துனேன். தீக்குச்சியக் கிழிச்சு, கைய வெச்சு மறைச்சு, நிதானமாக் கொளுத்துனேன். சீட்டுக்கடியில பெட்ரோல் இன்ஜின். பின்னாடி எட்டுப் பேரு, ஒருத்தி வயித்துல ஒண்ணு. எனக்கு ஒண்ணுமே தெரியலை.

நவம்பர் 7, செவ்வாய்

இன்னிக்கு நடந்ததை முழுசா எழுதோணும்.

காலையில ட்ரிப் இல்லை, என்ன பண்றதுன்னு தெரியாம இந்த டைரியப் பொரட்டிட்டு இருந்தேன். என்னிக்கு வாசம் வந்துச்சு, என்னிக்கு வரலைன்னு வெரல் விட்டு எண்ணிப் பாத்தேன். புதன், வியாழன், வெள்ளி வந்துச்சு. சனிக்கெழமை இல்லை. அப்பறம் ஒரு வாரம் பூரா இல்லை. நேத்துத் திரும்ப வந்துச்சு. நேத்துக்கு முந்துன நாள் என்ன எழுதியிருக்கறேன்னு பாத்தா, டேங்க் ஃபுல். புதனுக்கு முந்தி? ஆயுத பூசை, டேங்க் ஃபுல்.

வண்டி ஒரு நாளைக்கு மூணு லிட்டர் குடிக்கும். மூணு நாளைக்கு ஒம்போது லிட்டர். ஒம்போது லிட்டர் எறங்குனதும் வாசம் தானா நின்னிருக்குது. ஹோஸும் நிறுத்தலை, சோப்பும் நிறுத்தலை. ஓட்டை அடியில இருந்தா எப்பவும் ஒழுகோணும். ரொம்பி இருக்கறப்ப மட்டும் ஒழுகுதுன்னா ஓட்டை மேல எங்கயோ இருக்குது. வருசம் பூரா அஞ்சஞ்சு லிட்டராப் போட்டு ஓட்டுன வண்டி, அது எப்படித் தெரியும்? சாமி கும்புடறதுக்குன்னு ரொப்பப் போயித்தான் இத்தனையும்.

ஓட்டமா ஓடுனேன் சிக்கந்தர்கிட்ட. சொன்னதைக் கேட்டுட்டு, ஸ்பேனரைக் கீழ வெச்சுட்டான். “அக்கா, மொதல் நாள் ஹோஸ் மாத்துனப்ப வாசம் போயிருச்சுன்னு சொன்னீங்களே? அன்னிக்கு டேங்க் ஃபுல்லாத்தானே இருந்திருக்கும்? போகலைன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே மேல தேடியிருப்பேனே.”

தப்பிக்கறதுக்கு வழி இல்லை. சளின்னு சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியலை.

“சிக்கந்தரு, எனக்கு வாசமே தெரியாது. ரெண்டு வருசமாச்சு.”

சொல்லிட்டேன். இந்த டைரியிலயும் இப்பத்தான் எழுதறேன். அந்தக் கொரோனாக் காய்ச்சல் வந்து போனதுக்கப்பறம் மல்லிப்பூவும் தெரியாது, மண்ணெண்ணெயும் தெரியாது, கருவாடும் தெரியாது. வந்துரும் வந்துரும்னு பாத்தேன், வரலை. வெளிய சொன்னா வண்டிய ஓட்ட விட மாட்டாங்கன்னு பயம். எருமை தெரியாத ஆளுகிட்டச் சாவியப் புடுங்குனவ நான். எங்கிட்டப் புடுங்க எத்தனை நேரம் ஆகும்?

சிக்கந்தர் என்னையவே பாத்தான். அப்பறம் சிரிக்க ஆரம்பிச்சவன் நிறுத்தவே இல்லை. “வாசம் தெரியாத மெக்கானிக்கு, வாசம் தெரியாத டிரைவர்கிட்ட, வாசம் போயிருச்சான்னு கேட்டிருக்கறேன்”னு தரையில உக்காந்து சிரிக்கறான். எனக்கு அழுகையா வந்துச்சு, அவன் சிரிக்கறதைப் பாத்து அது பாதியில நின்னுபோச்சு.

டேங்க் இன்னும் ரொம்பித்தான் இருந்துச்சு. பக்கத்து டீக்கடையில இருந்த ஆளுகளைக் கூப்பிட்டு வண்டிய ரெண்டு பக்கமும் நல்லா ஆட்டச் சொல்லிட்டு, அடியில டார்ச்சோட படுத்தான். சோப்புத் தேச்ச எடம் காஞ்சுதான் இருந்துச்சு. ஆட்ட ஆட்ட, பின்சக்கரத்துக்கு மேல இருந்து பொட்டுப் பொட்டா ஈரம் எறங்கறது தெரிஞ்சுது. அங்க மூடியிருந்த தகரத்தைக் கழட்டுனான். பெட்ரோல் போடற வாயில இருந்து டேங்குக்குப் போற தடி ரப்பர் குழாய், வளையற எடத்துல மேல்பக்கமா ஒரு வெரல் நீளத்துக்கு வெடிச்சிருந்துச்சு. கிளிப்பும் துருப்புடிச்சு ஆடிட்டு இருந்துச்சு. டேங்க் நெறைஞ்சிருக்கறப்ப வண்டி குலுங்குனாலோ, வெயில்ல பெட்ரோல் பொங்குனாலோ அது வழியா வெளிய வருது. கொஞ்சம் எறங்கிருச்சுன்னா அந்த எடத்துக்குப் பெட்ரோலே ஏறாது.

டேங்கைக் கழட்ட வேண்டாம், வெல்டிங் வேண்டாம், பொள்ளாச்சி வேண்டாம். இத்தனை நாள் எங்களை ஆட்டி வெச்சது ஒரு மொழம் ரப்பரு. உடுமலையில ரெண்டு கடை ஏறி எறங்கி அதே அளவுல குழாய் வாங்கியாந்தோம். ரெண்டு பக்கமும் புதுக் கிளிப்புப் போட்டு முறுக்கிட்டு, டேங்கைத் திரும்ப வாய் வரைக்கும் ரொப்பி, மறுபடியும் ஆட்டுனாங்க. ஒரு சொட்டு இல்லை.

ஆனா வாசம் போச்சா இல்லையான்னு யாரு சொல்றது? பட்டறைக்குப் பின்னாடிதான் சிக்கந்தர் வீடு. சமையல்ல இருந்த அவன் சம்சாரம் ஜமீலாவைக் கூப்பிட்டான். அந்தப் புள்ளை கைய முந்தானையில தொடைச்சுட்டு வந்து, குனிஞ்சு, சுத்தி வந்து, உள்ள ஏறி உக்காந்தெல்லாம் மோந்து பாத்தா. வண்டியில சுத்தமா இல்லீங்கக்கா, இவரு சட்டையிலதான் அடிக்குதுன்னா. அப்படியே அவளைக் கட்டிப் புடிச்சுட்டேன்.

வீட்டுக்கு வந்து அவருகிட்டயும் சொன்னேன். தட்டுல போட்ட தோசையப் பிச்சுட்டே கேட்டுட்டு இருந்தாரு. எனக்குத் தெரியும் அம்மிணின்னாரு. எப்ப இருந்துன்னு கேட்டேன். போன வருசம் பொங்கலுக்கு ஊசிப்போன சாம்பாரை ரெண்டு தரம் ஊத்தித் தின்னியே, அப்ப இருந்துன்னாரு. தெரிஞ்சும் ஏன் எங்கிட்டச் சாவியப் புடுங்கலைன்னு கேட்டேன்.

தட்டைக் கீழ வெச்சாரு. “நீ புடுங்குனது சரிதான். ஆனா அன்னிக்கு எனக்கு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத்தானே தெரியும். அதை உனக்குச் செய்ய எனக்கு மனசு வரலை.”

ஆறு வருசத்துல இதைப் பத்தி அவரு ஒரு வார்த்தை பேசுனது இல்லை. நானும் கேட்டது இல்லை. இன்னிக்குக் கேட்டேன். மன்னிச்சுருங்கன்னு சொன்னேன். அட கம்முனு தோசையச் சுடுன்னாரு. கொஞ்ச நேரங்கழிச்சு, எனக்குக் கண்ணு போச்சு, உனக்கு மூக்கு போச்சு, ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு டிரைவர் தேறுவான்னு சொல்லி அவரே சிரிச்சுக்கிட்டாரு.

நவம்பர் 8, புதன்

எல்லாரையும் ஏத்தறதுக்கு முன்னாடி கீழயே நிக்க வெச்சு, வண்டி சரியாப் போச்சு, நீங்களே மோந்து பாத்துட்டு ஏறுங்கன்னேன். ராஜாமணிதான் மொதல்ல ஏறுனா. அவ தலையாட்டுன பின்னாடி மத்தவங்க ஏறுனாங்க.

வண்டிய எடுக்கலை. திரும்பி உக்காந்து சொன்னேன். எனக்கு வாசம் தெரியாது, ரெண்டு வருசமா மறைச்சுட்டேன், ஊதுபத்தி கொளுத்துனது எம்மேல தப்பு, இனி என் வண்டியில நெருப்பே கெடையாது. இனிமேல் எங்கூட வர்றதும் வராததும் உங்க இஷ்டம்னு சொன்னேன். முன்னாடியே யோசிச்சு வெச்சது எல்லாம் மறந்துபோயி, ரெண்டு நிமிசத்துல முடிஞ்சுபோச்சு.

ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. ராஜாமணி மட்டும், “சரி, வண்டிய எடுங்க, நேரமாகுது”ன்னா. அவ்வளவுதான். நல்லதுக்கா கெட்டதுக்கான்னு ஒண்ணும் புரியலை. நாளைக்குச் செக்கிங்.

நவம்பர் 9, வியாழன்

பாஸ்!

மில் ஆளுக ரெண்டு பேரு அரை மணி நேரம் வண்டிய அக்கக்காப் பாத்தாங்க. டேங்க் ஃபுல்லாத்தான் இருக்குது, பாத்துக்குங்கன்னு நானே மூடியத் தொறந்து காட்டுனேன். அடியில அட்டை விரிச்சு வெச்சு, இன்ஜினை ஓட விட்டு, மேல ஏறிக் குதிச்சுக்கூடப் பாத்தாங்க. அட்டை காஞ்சே கெடந்துச்சு. தாமோதரன் இப்ப எந்திரிச்சு நின்னு வணக்கம் சொன்னாரு.

ரூட்டு உங்களுக்கேதான், புகாரை முடிச்சரலாம், இனி மறைக்க என்ன இருக்குது, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கன்னு அந்தப் புகார்க் காயிதத்தையே நீட்டுனாரு. போடறதுக்கு முன்னாடி படிச்சேன். ராஜாமணி கையெழுத்தேதான். தேதி அக்டோபர் 26. அவ பிள்ளையார் மேல தண்ணி ஊத்துன அன்னிக்கு. இந்த வண்டியில பெட்ரோல் வாசம் வருது, மெக்கானிக்கால கண்டுபுடிக்க முடியலை, மில் தலையிட்டுச் சரி பண்ணித் தரோணும், அது வரைக்கும் வேற வண்டி அனுப்போணும்னு எழுதியிருந்தா. அதுக்குக் கீழ: “வண்டியை மாற்றலாம், ஓட்டுநரை மாற்றக் கூடாது. மாற்றினால் நாங்கள் எட்டுப் பேரும் வேலைக்கு வர மாட்டோம். இனி வாசம் வந்தால் நாங்களே பார்த்துச் சொல்லிக்கொள்கிறோம்.” எட்டுக் கையெழுத்து. கௌசல்யாவோடதும் இருந்துச்சு.

அந்தக் கடைசி வரி என்னன்னுதான் எனக்கு வெளங்கலைன்னாரு தாமோதரன். எனக்கு வெளங்குச்சு. அவருகிட்டயும் சொல்லிட்டேன். தலையச் சொறிஞ்சாரு, அப்பறம், தீயணைக்கற சிலிண்டர் ஒண்ணு வண்டியில வெச்சுக்குங்க, வேறென்னன்னு சொல்லி ஃபைலை மூடுனாரு. இத்தனை நாள் நான் செத்துச் செத்துப் பொழைச்ச வெசயம் அவருக்கு ஒரு நிமிசத்துல முடிஞ்சுபோச்சு.

சாயந்தரம் எட்டுப் பேரும் ஏறுனாங்க. மில் கேட்டைத் தாண்டுன வரைக்கும் பொறுத்துட்டு, கண்ணாடியில ராஜாமணியப் பாத்து, எப்படித் தெரிஞ்சுச்சுன்னு கேட்டேன். ஆடி மாசம் மில் வாசல்ல சாக்கடை ஒடைஞ்சு எல்லாரும் மூக்கைப் பொத்திட்டு ஓடுனோம், நீங்க மட்டும் அங்கயே நின்னு டிபன் பாக்ஸைத் தொறந்து லெமன் சாதம் தின்னுட்டு இருந்தீங்கன்னா. அன்னிக்கு இருந்துதான் அவ எனக்கு நேர் பின்னாடி உக்காரறாளாம். என் மூக்குக்குப் பதிலா அவ மூக்கு. என் காதுக்கு எட்டோணும்னுதான் அத்தனை சத்தமாமா.

அத்தனை நாளாத் தெரிஞ்சும் ஏண்டி எங்கிட்டச் சொல்லலைன்னு கேட்டேன்.

ராஜாமணி எப்பவும் கத்தறவ, இப்ப மெதுவாத்தான் சொன்னா. “நாங்க சொல்லி நீங்க ஒத்துக்கிட்டா, அது வேற. உங்களை நம்பித்தானுங்க்கா ஏறறோம். நீங்களாச் சொல்றீங்களான்னு பாத்துட்டு இருந்தோம். இன்னும் ரெண்டு நாள் சொல்லாம இருந்திருந்தீங்கன்னா, அந்தக் காயிதத்தைத் திருப்பி வாங்கி, டிரைவரை மாத்தக் கூடாதுங்கற வரிய அடிச்சிருப்போம்.”

கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு ரோடு தெரியலை. கண்ணும் தெரியாம ஓட்டுனா நல்லா இருக்காதுன்னு வண்டிய ஓரங்கட்டி நிறுத்துனேன். அஞ்சு நிமிசம் நின்னோம். ஒருத்தியும் அவசரப்படுத்தலை.